பொருத்தமே இல்லாத ஆணும் பெண்ணும் டேட்டிங் போகும் காமெடிப் படங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? ஏன்?

1989இல் வந்த 'வென் ஹாரி மெட் சாலி'. ராப் ரெய்னர் இயக்கம், நோரா எஃப்ரான் எழுத்து, பில்லி கிறிஸ்டலும் மெக் ரயனும் ஜோடி. இந்த மாதிரிப் படங்களில் பெரும்பாலும் ஆள் முரடாக இருந்தால் கடைசி அரை மணி நேரத்தில் திருந்திவிடுவான், பெண் சிடுமூஞ்சியாக இருந்தால் கண்ணாடியைக் கழற்றிப் புது உடுப்பு போட்டு வேறு ஆளாகிவிடுவாள், அப்புறம் சுபம். இந்தப் படத்தில் யாரும் யாருக்காகவும் மாறுவதில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான்.

1977இல் சிகாகோவில் படிப்பை முடித்த இரண்டு பேர் ஒரே காரில் நியூயார்க் கிளம்புகிறார்கள், 18 மணி நேரப் பயணம். புதுப் புத்தகம் வாங்கினால் ஹாரி கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பான், நடுவில் செத்துப்போனாலும் முடிவு தெரிந்திருக்க வேண்டுமாம். சாலி வழியில் ஓர் ஓட்டலில் ஆப்பிள் பை கேட்கிறாள்: பை சூடாக வேண்டும், ஐஸ்கிரீம் மேலே வைக்காமல் தனியாக வேண்டும், அதுவும் வெண்ணிலா இல்லாமல் ஸ்ட்ராபெரி, அது இல்லையென்றால் ஐஸ்கிரீமே வேண்டாம், கிரீம் மட்டும், கிரீமும் டப்பாவில் அடைத்ததாக இருந்தால் எதுவும் வேண்டாம், வெறும் பை போதும், ஆனால் அப்போது சூடாக்க வேண்டாம்! நோரா எஃப்ரானே சாப்பாடு ஆர்டர் செய்வது இப்படித்தானாம், அதைப் பார்த்துத்தான் ரெய்னர் படத்தில் சேர்க்கச் சொன்னார். 12 வருடம் கழித்து இருவரும் செய்துகொள்ளும் கல்யாணத்தில் வெட்டும் கேக்கிலும் சாக்லேட் சாஸ் தனியாகத்தான் வருகிறது. சாலி கடைசி வரை சாலிதான்.

ஆனால் படத்தின் உயிர் என்று நான் நினைப்பது நடுவில் வரும் டபுள் டேட் காட்சி. ஹாரியை மனைவி விட்டுப் போய்விட்டாள், சாலிக்கு நெடுநாள் காதல் முறிந்துவிட்டது, இருவரும் நல்ல நண்பர்களாகிவிட்டார்கள். நமக்குள் ஒன்றுமில்லை, மற்றவருக்காவது ஒரு துணை அமையட்டும் என்று ஹாரி தன் நண்பன் ஜெஸ்ஸைச் சாலிக்காகவும், சாலி தன் தோழி மேரியை ஹாரிக்காகவும் அழைத்து வருகிறார்கள். நால்வரும் உட்கார்ந்தால் பேச்சே ஓடவில்லை. அப்போது மேரி ஏதோ பத்திரிகையில் படித்த ஒரு வரியைச் சொல்ல, அதை எழுதியவனே ஜெஸ்தான் என்று தெரிகிறது. தான் எழுதியதை முன்பின் தெரியாத ஒரு பெண் மனப்பாடமாகச் சொல்லக் கேட்கும் எழுத்தாளனின் பூரிப்பை, ஜெஸ்ஸாக நடித்த புரூனோ கிர்பியின் முகத்தில் பார்க்க வேண்டும். வெளியே நடக்கும்போது ஜெஸ் ஹாரியை ஓரங்கட்டி, மேரிக்கு நான் போன் பண்ணினால் உனக்கு ஆட்சேபம் உண்டா என்கிறான், அந்தப் பக்கம் மேரி சாலியிடம் அதையேதான் கேட்கிறாள். சாலி ஏற்கெனவே நொந்து போயிருக்கிறாள், கொஞ்ச நாள் பொறு என்கிறான் ஹாரி. சரி சரி என்று தலையாட்டிய ஜெஸ் அடுத்த நிமிடமே டாக்ஸியில் போகலாம் போலிருக்கிறது என்கிறான், எனக்கும்தான் என்கிறாள் மேரி, இருவரும் ஒரே வண்டியில் ஏறிப் போயே போய்விடுகிறார்கள்.

இந்த மேரிதான் (கேரி ஃபிஷர்) கல்யாணமாகாத ஆண்களின் விவரங்களை அட்டை அட்டையாக எழுதிப் பெட்டியில் வைத்திருப்பவள். ஒருவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று தெரிந்தும் அட்டையை எறியாமல் மூலையை மடித்து உள்ளே செருகுவாள். கடைசியில் அவளுக்குக் கிடைத்தவன் அந்தப் பெட்டியிலேயே இல்லை! பொருத்தம் பார்த்துச் சேர்ப்பதைப் பற்றி இதைவிடத் தெளிவாக ஒரு படம் சொல்லி நான் பார்த்ததில்லை.

முடிவு சினிமாத்தனமாக இருக்கிறது என்பவர்கள் உண்டு. ஆரம்பத்தில் யோசித்த கதையில் ஹாரியும் சாலியும் சேரவே மாட்டார்கள். விவாகரத்துக்குப் பிறகு வருடக்கணக்கில் தனியாகத் தடுமாறிய ரெய்னரின் அனுபவத்தில் பிறந்தவன்தான் ஹாரி. படப்பிடிப்பு நடந்த சமயத்தில் ரெய்னர் மிஷெல் சிங்கர் என்ற பெண்ணைச் சந்தித்தார், பின்னர் அவரையே மணந்தார், கதையின் முடிவும் மாறியது. எனக்கு மாறிய முடிவுதான் சரியாகப் படுகிறது. புத்தாண்டு இரவில் ஓடி வந்து ஹாரி அடுக்கும் காரணங்களைக் கவனியுங்கள், வெளியே இதமாக இருக்கும்போதும் குளிருகிறது என்பது, ஒரு சாண்ட்விச் கேட்க ஒன்றரை மணி நேரம் எடுப்பது என்று பெரும்பாலும் அவளுடைய தொந்தரவுகள்தான். எதையும் விடச் சொல்லவில்லை, அத்தனையையும் சேர்த்துத்தான் கேட்கிறான்.

முதல் இருபது நிமிடம் ஹாரி எரிச்சலூட்டுவான், ஆணும் பெண்ணும் நண்பர்களாகவே இருக்க முடியாது என்று வாதாடிக்கொண்டே வருவான், அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். சப்டைட்டிலோடு பாருங்கள், முக்கியமாக நால்வரும் ஒரே நேரத்தில் போனில் பேசும் காட்சியில் ஒரு வசனத்தையும் தவறவிடக் கூடாது.