ஹோலுக்கு ஏன் சின்னப் பெட்டி?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணை, ரொறன்ரோவில் இருக்கிற சித்தப்பா ஆவணியில் வருகிறார். ரிவிக்குப் பக்கத்தில் வைக்கிற மாதிரி, ஸ்டீம் மெஷின் போல ஒரு சின்ன கேமிங் பெட்டி வாங்கி வரட்டா என்று கேட்கிறார். வீட்டில் 43 அங்குல ரிவி இருக்கிறது. நானும் தம்பியும் வலோரன்ட் விளையாடுவோம், ஈஏ எஃப்சியும் ஆசை. தம்பி உயர்தரம் படிப்பதால் அவனுடைய படிப்புக்கும் உதவ வேண்டும். அந்தப் பெட்டி கொடுக்கிற காசுக்குப் பெறுமதியா, இல்லாவிட்டால் காசாக வாங்கி இங்கேயே ஒன்று பூட்டலாமா?"

தம்பி, வலோரன்ட் என்று எழுதினீர்களே, உங்கள் கேள்வியில் பாதி அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

ஸ்டீம் மெஷினில் ஓடுவது விண்டோஸ் இல்லை, ஸ்டீம் ஓஎஸ். அது லினக்ஸ், விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம். விண்டோஸுக்காக எழுதப்பட்ட கேம்களை லினக்ஸில் ஓட வைக்க ஸ்டீம் என்ற கேம் கடையை நடத்துகிற வால்வ் நிறுவனம் 2018 முதல் புரோட்டன் என்ற ஒன்றைத் தருகிறது. உண்மையிலேயே கெட்டிக்கார வேலை அது; தனி ஆளாக விளையாடும் கதைக் கேம்களில் பெரும்பாலானவை அதில் குறையில்லாமல் ஓடுகின்றன. கவுண்டர் ஸ்டிரைக் 2, டோட்டா 2 இரண்டும் வால்வின் சொந்தப் பிள்ளைகள், அவற்றுக்குப் பிரச்சினையே இல்லை. ஆனால் விளையாட்டில் கள்ளம் செய்கிறவர்களைப் பிடிக்கிற வலோரன்டின் கள்ளப்பிடி மென்பொருள் வான்கார்ட் விண்டோஸின் அடிமடியில் போய்க் குந்துகிற சாமான். லினக்ஸில் அதற்கு இடமில்லை. ஃபோர்ட்நைட்டும் அப்படித்தான். ஈஏ எஃப்சியும் தன் கள்ளப்பிடி மென்பொருளால் அங்கே நின்றுவிடுகிறது. ஆக நீங்கள் பெயர் சொன்ன இரண்டு கேமுமே அந்தப் பெட்டியில், அது வருகிற கோலத்தில், ஓடாது. விண்டோஸை ஏற்றலாம்தான், வால்வ் தடுக்கவில்லை. ஆனால் சாய்ந்திருந்து ஒரு பொத்தானை அமத்தினால் விளையாட்டு என்கிற அந்தச் சுகத்துக்குத்தானே இந்தப் பெட்டிக்குக் காசு கொடுக்கிறோம்? விண்டோஸ் ஏறியதும் அது இன்னொரு கொம்பியூட்டர், அவ்வளவுதான்.

சரி, நாளைக்கே நீங்கள் வலோரன்டை விட்டுவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பார்ப்போம்.

2025 நவம்பரில் வால்வ் அறிவித்த பெட்டி ஏறத்தாழ 16 சென்ரிமீற்றர் கனசதுரம், 2.6 கிலோ. உள்ளே 6 கோர் ஏஎம்டி செயலி, 28 கணிப்பு அலகுகள் கொண்ட கிராபிக்ஸ் சிப், அதற்கு 8 ஜிபி தனி நினைவகம், 16 ஜிபி டிடிஆர்5 ராம், 512 ஜிபி அல்லது 2 டிபி எஸ்எஸ்டி. கடையில் தனியாக விற்கிற ஆர்எக்ஸ் 7600 என்ற கிராபிக்ஸ் காட்டில் இதே தலைமுறையின் கணிப்பு அலகுகள் 32 இருக்கின்றன. ஆகவே அதைவிட ஒரு படி கீழே என்று கணக்கு வையுங்கள். மோசமில்லை, நல்ல சாமான். 4கே என்று விளம்பரத்தில் வருவது படத்தைச் சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வித்தையோடு சேர்த்துச் சொல்லும் கணக்கு. என் கண்ணுக்கு உறுத்துவது அந்த 8 ஜிபிதான். இன்றைய பெரிய கேம்கள் சில அதை இப்போதே கடித்துத் துப்புகின்றன, பிறகு அதைக் கூட்டவும் வழியில்லை.

விலை விஷயத்தில் வால்வ் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் போல நட்டத்துக்கு விற்றுப் பின்னால் கேமில் எடுக்கிற வியாபாரம் இது இல்லை, இதே வலுவுள்ள ஒரு கொம்பியூட்டரின் விலைதான் இதற்கும். அதற்கு மேல் 2025 கடைசியில் ராம் விலை தீயாய் ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவக சிப்புகளை அள்ளிக்கொண்டு போகின்றன, மிச்சத்துக்கு நாங்கள் அடிபடுகிறோம். ஆகவே கொன்சோல் விலையில் கொம்பியூட்டர் என்ற ஆசையை விட்டுவிடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதே வலுவுள்ள சாமானைப் பெரிய பெட்டியில் பூட்டினால் ஒரு விலை. சின்னப் பெட்டியில் அடைத்தால், எந்தக் கொம்பனி செய்தாலும், அடைத்த கூலியும் சேரும். தனியாகச் செய்த மதர்போர்ட், தனியாகச் செய்த வெப்பத் தகடு, தனியாகச் செய்த பவர் சப்ளை. அந்தக் கூலி யாருக்குப் பிரயோசனம்? ஒரு அறை வாடகைக்கு எடுத்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ரிவி வைத்திருக்கிற ரொறன்ரோப் பெடியனுக்கு. ஒட்டுசுட்டானில் உங்கள் ஹோலில் நெல்லு மூட்டை அடுக்கிய பிறகும் பாய் விரிக்க இடமிருக்கும். வன்னியில் எங்களுக்குப் பஞ்சம் இடத்தில் இல்லை. சீரான கரண்ட், டேட்டா, பழுதானால் பார்க்க ஆள், இந்த மூன்றுக்கும்தான் பஞ்சம். இல்லாத நெருக்கடிக்குக் காசைக் கொட்டிவிட்டு, இருக்கிற நெருக்கடிக்குக் கையை விரிப்பதைப் பெறுமதி என்று நான் சொல்ல மாட்டேன்.

பழுதுபார்ப்பதில் தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் என் சோறு. கிளிநொச்சியில் என் மேசைக்கு ஒரு முறை ஒரு சின்னப் பெட்டி வந்தது. கொம்பனிப் பெயர் வேண்டாம். சுவிஸிலிருந்து வந்த மச்சான்காரன் கொண்டுவந்து கொடுத்தது, ஐப்பசி இடியில் போய்விட்டது. இதுவே பெரிய ரவர் பெட்டி என்றால் அநேகமாகப் பவர் சப்ளை செத்திருக்கும், கூடிப்போனால் போர்ட். எதுவானாலும் வேறொன்றைப் பூட்டி அனுப்பியிருப்பேன். இதில் செயலி, கிராபிக்ஸ் எல்லாம் ஒரே போர்டில் ஈயம் வைத்து ஒட்டியிருந்தன. எஸ்எஸ்டியைக் கழற்றிப் பிள்ளையின் படங்களை எடுத்துக் கொடுத்தேன். மற்றதெல்லாம் காகிதம் பறக்காமல் வைக்கத்தான். ஸ்டீம் மெஷினிலும் ராமும் எஸ்எஸ்டியும் மாற்றலாம், செயலியும் கிராபிக்ஸும் மாற்ற முடியாது. வால்வ் இலங்கையில் நேரடியாக விற்பதில்லை, ஆகவே உத்தரவாதம் என்பது பெட்டியைத் திரும்பக் கனடாவுக்கு அனுப்புகிற கதை. சித்தப்பா அடுத்த முறை எப்போது வருகிறார்?

வெக்கையையும் புழுதியையும் தனியாகச் சொல்லத் தேவையில்லை. சூடு மிதிக்கிற காலத்தில் நெல்லு மெஷின் ஒரு பக்கம் ஓட, வீட்டுக்குள் வருகிற தூசி உங்களுக்கே தெரியும். சின்னப் பெட்டியின் காற்று வழி குறுகியது, ஊது குழாயால் சுத்தம் செய்ய மாதம் ஒரு முறை நினைப்பு வேண்டும். ரிவி ஸ்டாண்டின் மூடிய தட்டுக்குள் வைத்தீர்களோ, அது அவியும். எறும்பு எந்தப் பெட்டிக்கும் வரும்.

கரண்ட் விஷயத்தில் சின்னப் பெட்டிக்கு ஒரு நல்ல பெயர் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. அதன் செயலி 30 வாட்ஸ், கிராபிக்ஸ் 110 வாட்ஸ். மற்றதெல்லாம் சேர 200 என்று தாராளமாகப் பிடிப்போம். நான் கீழே சொல்லப்போகும் ரவர் 250 வரை குடிக்கும். ஒரு நாளைக்கு 3 மணித்தியாலம் விளையாடினால் மாதம் 18 யூனிற்றும் 22 யூனிற்றும் சொச்சமும். வித்தியாசம் நாலு, ஐந்து யூனிற்தான். இதைவிடப் பெரிய கணக்கு வேறு: மாதம் 60 யூனிற்றைத் தாண்டினால் முதல் யூனிற்றிலிருந்தே வேறு கட்டணப் பட்டியலுக்குள் போய்விடுகிறீர்கள். இப்போது உங்கள் பில் 50 யூனிற் வருகிற வீடென்றால், எந்தப் பெட்டி வாங்கினாலும் அந்தக் கோட்டைத் தாண்டும். அம்மாவிடம் இதை முதலே சொல்லிவிடுங்கள், பிறகு பில் வந்த அன்று கேட்க வேண்டி வரும். சூரியத் தகடும் இன்வேட்டரும் உள்ள வீட்டில் மட்டும் 50 வாட்ஸ் வித்தியாசம் ஒரு வித்தியாசம். சைக்கிள் டைனமோவை மிதித்து ரேடியோ கேட்ட ஊர்க்காரனுக்கு வாட்ஸ் கணக்கு நன்றாகவே தெரியும்.

விளையாட்டை நடுவில் நிறுத்திப் பெட்டியை உறங்க விட்டு, மறுநாள் அதே இடத்தில் தொடங்குகிற வசதியைப் பெரிதாகச் சொல்வார்கள். உறக்கத்தில் இருக்கும்போது கரண்ட் போனால் அந்த இடமும் போய்விடும். அப்புறம் யூபிஎஸ் வாங்க வேண்டியதுதான்.

டேட்டா எந்தப் பெட்டியிலும் ஒரே தலையிடி. 100 ஜிபி கேம் ஒன்றை 10 எம்பிபிஎஸ் வேகத்தில் இறக்க 22 மணித்தியாலம் பிடிக்கும், சிக்னல் ஒருமுறையும் தடக்காமல் இருந்தால். இரவு டேட்டாவை அதற்கென்றே ஒதுக்குங்கள். நண்பன் வீட்டில் அதே கேம் இருந்தால் அவனுடைய கொம்பியூட்டரையும் உங்களுடையதையும் ஒரே வைஃபையில் போட்டு, ஸ்டீமே ஒன்றிலிருந்து மற்றதற்குப் பிரதி எடுக்கும். 2023 முதல் இந்த வசதி இருக்கிறது, டேட்டா கரையாது. சித்தப்பாவின் ஸ்டீம் கணக்கில் உள்ள கேம்களைக் குடும்பமாகப் பகிரலாம் என்று யாராவது சொன்னால் நம்பி இருந்துவிடாதீர்கள். ஒரே வீட்டில், ஒரே நாட்டில் உள்ள ஆட்களுக்குத்தான் அது. உங்களுக்கும் தம்பிக்கும் இடையே செய்யலாம்.

சித்தப்பாவிடம் இதைக் கேளுங்கள்: ஆர்எக்ஸ் 6600 அல்லது 7600 கிராபிக்ஸ் காட் ஒன்று, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று, கேம் விளையாடுகிற கைப்பிடி (கொன்ட்ரோலர்) ஒன்று. மூன்றும் கைப்பையில் அடங்கும், ஸ்டீம் மெஷினைவிடப் பாரமும் குறைவு, காசும் குறைவு. ஒன்ராறியோவில் 13 வீதம் விற்பனை வரி விலைக்கு மேலே வரும், அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பொதியாக அனுப்பச் சொல்ல வேண்டாம்; இங்கே 18 வீத வற் வரியும் வேறு அறவீடுகளும் காத்திருக்கின்றன. கையில் கொண்டு வந்தாலும் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மிச்சத்தை இங்கே பூட்டலாம். ரைசன் 5 5600 செயலி, அதற்கேற்ற ஏஎம்4 போர்ட், 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு துண்டு, 550 வாட்ஸ் பவர் சப்ளை ஒன்று. பவர் சப்ளையை மட்டும் பெயர் தெரியாததில் வாங்காதீர்கள், கேஸோடு இலவசமாக வருவது இலவசத்துக்கேற்ற சாமான். காசு இறுக்கமென்றால் 5600-க்குப் பதில் 5600ஜி எடுங்கள். அதற்குள்ளேயே சிறிய கிராபிக்ஸ் இருக்கிறது. வலோரன்ட் அதில் தாராளமாக ஓடும், காட் பிறகு வரலாம். இரண்டு துண்டு ராம் என்று சொன்னேனே, அதை மறக்க வேண்டாம். ஒரே துண்டாகப் போட்டால் அந்தச் சிறிய கிராபிக்ஸ் நொண்டும். இதில் விண்டோஸ் 11 போடலாம். தம்பியின் பாடக் குறிப்பு, தமிழில் தட்டச்சு, பிரிண்டர், சூம் வகுப்பு எல்லாம் பழகிய பாதையில் நடக்கும்.

இரண்டாங்கைப் பக்கம் போக நினைத்தால் இரண்டு குழி இருக்கிறது. ஒன்று, பழைய அலுவலகப் பெட்டிகள். இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றை விண்டோஸ் 11 ஒழுங்காக ஏற்காது, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இல் வலோரன்டுக்கு டிபிஎம் 2.0, செக்கியூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் வேண்டும், ஆகவே குறுக்கு வழியில் ஏற்றிப் பிரயோசனமில்லை. மற்றது ஆர்எக்ஸ் 580 காட்கள். 2022 செப்ரெம்பரில் எதீரியம் என்ற மெய்நிகர் நாணயத்தைக் கிராபிக்ஸ் காட்களால் தோண்டுவது நின்றதும் இரவு பகலாக ஓடிக் களைத்த காட்கள் சந்தையில் கொட்டின, துடைத்துப் பளபளவென்று விற்கிறார்கள். அரை மணித்தியாலம் கேம் ஓட விட்டுப் பார்க்காமல் காசைக் கொடுக்க வேண்டாம். பெயருக்குப் பின்னால் 2048எஸ்பி என்று இருந்தால் அது இன்னும் வலுக் குறைந்த வகை.

பிளேஸ்டேஷனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சித்தப்பா கேட்பார். பிளேஸ்டேஷன் வலையமைப்பின் நாடுகள் பட்டியலில் இலங்கை இல்லை. வேறு நாட்டுக் கணக்குத் திறந்து சமாளிக்கிறார்கள். தம்பியின் படிப்புக்கும் அது உதவாது.

ஸ்டீம் மெஷின் யாருக்குப் பொருந்தும் என்றும் சொல்லிவிடுகிறேன். கதைக் கேம் மட்டும் விளையாடுகிற, வீட்டில் வேறு கொம்பியூட்டர் இருக்கிற, வேலைக்காகக் கொழும்புக்கும் ஊருக்கும் அலைகிற ஆளுக்கு அது அருமையான பெட்டி. சத்தமும் குறைவு. நான் தனிக்கட்டையாக இருந்திருந்தால் ஆசைப்பட்டிருப்பேன்.

வாங்க முன்னர் ரிவியின் பின்பக்கத்தைப் பாருங்கள். 43 அங்குலம் எல்லாம் 4கே இல்லை, 1080பி ஆகவும் இருக்கலாம். 1080பி என்றால் ஆர்எக்ஸ் 6600 போதும், 7600-க்குக் கூடக் கொடுக்க வேண்டாம். ரிவியின் செற்றிங்கில் கேம் மோட் இருந்தால் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் சுட்ட பிறகுதான் துவக்குச் சத்தம் கேட்கும். வலோரன்டைப் பாயில் இருந்து 43 அங்குலத்தில் விளையாடி வெல்லவும் முடியாது தம்பி. மேசையும் 24 அங்குல மொனிட்டரும் பிறகு வாங்கத்தான் போகிறீர்கள்.

இன்னொன்று, சித்தப்பா வர முன்னரே செய்ய வேண்டியது. வயரிங் செய்கிற ஒருவரைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதியுங்கள். கோடையில் மண் காய்ந்தால் எர்த் கம்பி சும்மா குத்தி வைத்த கம்பிதான். கொம்பியூட்டரின் உடம்பைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறது என்று என்னிடம் வருகிற பெட்டிகளில் பாதிக்குப் பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. கம்பியடியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், அதற்கும் சரிவராவிட்டால் கம்பியை ஆழமாக இறக்கச் சொல்லுங்கள்.

இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள். ரவுட்டர் வயரையும்.