வாசகர் கேள்வி – பதில்: பாட்டு நாடகப் பிரதியை எப்படி அமைப்பது?

கேள்வி: சிறுபோகத் தண்ணீர்ப் பங்கீட்டில் ஒரு குளத்தடிக் கிராமத்தில் எழும் பிணக்கை வைத்து, பாட்டும் வசனமும் கலந்த மேடை நாடகம் ஒன்றை எழுதியிருக்கிறேன். வசனங்களைக் காட்சி வாரியாகத் தட்டச்சுச் செய்து, பாடல்களைச் சிவப்பு எழுத்தில் கடைசிப் பக்கங்களில் சேர்த்துள்ளேன். ஒத்திகையில் மாணவர்கள் பக்கம் புரட்டித் தடுமாறுகிறார்கள். பிரதியை எப்படி அமைக்க வேண்டும்?
– ஆசிரியை, ஒட்டுசுட்டான்

பதில்: முதலில் பாடல்களைக் கடைசிப் பக்கங்களிலிருந்து எடுத்து, அவை பாடப்படும் இடத்திலேயே முழுமையாக எழுதுங்கள். பாட்டு நாடகத்தில் பாட்டு என்பது கதை நடக்கும் இடம். பாட்டின் நடுவில் ஒருவர் மனம் மாறுகிறார் என்றால், எந்த அடிக்குப் பிறகு மாறுகிறார் என்பது நடிகருக்கும் மத்தளக்காரருக்கும் ஒரே பக்கத்தில் தெரிய வேண்டும். உங்கள் கதையையே வைத்து ஒரு சிறு பகுதியை எழுதிக் காட்டுகிறேன் (துருசு என்பது குளத்து நீரைத் திறந்துவிடும் மதகு).

பெரியவர்
இந்தக் கிழமை துருசு திறக்கேலாது. எல்லாரும் வீட்டுக்குப் போங்கோ.
(பெண்கள் நகராமல் நிற்கின்றனர். மத்தளம் மெதுவாகத் தொடங்குகிறது.)

பாட்டு 4: குளத்து நீரே

பெண்கள் (பாடுதல்)
        குளத்து நீரே குளத்து நீரே
        கொஞ்சம் எங்கள் பக்கம் வா
        வெடித்த வயலில் விதைத்த நெல்லு
        வேரை நனைத்துப் போக வா

பெரியவர் (பேசுதல், மத்தளம் தொடர்கிறது)
ஆர் உங்களை விதைக்கச் சொன்னது?

பெண்கள் (பாடுதல்)
        குளத்து நீரே குளத்து நீரே…

(பாட்டு 4 முடிவு.)

வசனம் இடது ஓரத்தில் தொடங்க, பாடல் அடிகள் உள்ளே தள்ளி, ஓரடிக்கு ஒரு வரியாக நிற்பதைக் கவனியுங்கள். ஆங்கில இசை நாடகப் பிரதிகளில் பாடல் வரிகளை முழுவதும் பெரிய எழுத்தில் அச்சிடுவதால், பேசுவது எது, பாடுவது எது என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாடு இல்லாததால், நாம் உள்தள்ளலையும் தடித்த எழுத்தையும்தான் நம்ப வேண்டும். நிறத்தை நம்பவே கூடாது. சிவப்பு எழுத்துப் பிரதியைப் போட்டோக் கொப்பி எடுத்தால் எல்லாம் கறுப்பாகிவிடும், பிள்ளைகளின் கைக்குப் போவதோ அந்தக் கொப்பிதான்.

‘பாடுதல்’, ‘பேசுதல்’ என்று எழுதுவது நமக்குப் புதிதல்ல. கூத்துக் கொப்பிகளில் தரு (தாளத்தோடு பாடும் பாட்டு), விருத்தம் (தாளமின்றிப் பாடும் செய்யுள்), வசனம் என்று ஒவ்வொரு பகுதியின் தலையிலும் குறித்திருப்பார்கள். முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்து ஆடுபவர்கள் யாராவது உங்கள் ஊரில் இருந்தால், அவர்களிடமுள்ள கொப்பியை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். பாத்திரம் மேடைக்கு வரும்போது பாடும் வரவுத் தருவைத் தனியே அடையாளப்படுத்தும் அந்த முறையை, உங்கள் பாத்திரங்கள் மேடைக்கு வரும் இடங்களில் அப்படியே கையாளலாம். எனக்கு அது இறக்குமதி செய்த எந்த முறையையும் விடத் தெளிவாகப் படுகிறது.

பாடல்களுக்குத் தொடர் எண் கொடுங்கள். ஒத்திகையின் நடுவில் புதிதாக ஒரு சிறு பாட்டோ காட்சி மாற்ற இசையோ சேர்ந்தால், எல்லா எண்களையும் மாற்றாமல் அதற்கு 4அ என்று எண்ணிடுங்கள். இல்லாவிட்டால் ஆர்மோனியக்காரர் ஐந்தாம் பாட்டை வாசிக்க, மாணவர்கள் ஆறாவதைப் பாடுவார்கள். இரு குழுக்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு வரிகளைப் பாடும் இடத்தில் பக்கத்தை இரண்டு நிரல்களாகப் பிரித்து, சேர்ந்து ஒலிக்க வேண்டிய வரிகளை நேருக்கு நேர் வையுங்கள். முன்பக்கத்தில் பாத்திரங்களின் பட்டியலையும், எந்தக் காட்சியில் எந்தப் பாட்டை யார் பாடுகிறார் என்ற பட்டியலையும் இடுங்கள். ஏ4 தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிட்டு, இடது ஓரத்தை அகலமாக விட்டால் நெறியாளர் அதில் குறிப்பெழுதலாம்.

தட்டச்சை யூனிகோட்டில் செய்யுங்கள். பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் செய்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும்.

கேள்வி: பாடல்களின் சுரங்களையும் இதே பிரதியில் எழுதலாமா? நாடகம் எவ்வளவு நேரம் ஓடும் என்று பக்கத்தை வைத்துக் கணக்கிடலாமா?
– அதே வாசகி

பதில்: சுரங்களை வாத்தியக்காரர்களுக்கான தனிப் பிரதியில் எழுதுங்கள், நடிகர் பிரதியில் பாட்டின் தலைப்புக்குக் கீழே மெட்டையும் தாளத்தையும் குறித்தால் போதும். பக்கக் கணக்கு வசனத்துக்கு ஓரளவு உதவும், பாட்டுக்கு உதவாது. நான்கு அடிகள் மூன்று தரம் திரும்பி வந்து, இடையில் ஆட்டமும் சேர்ந்தால், கால் பக்கம் ஐந்து நிமிடமாகிவிடும். ஆகவே ஒவ்வொரு பாட்டையும் பாடவைத்து, கடிகாரம் பார்த்து, அந்த நேரத்தை முன்பக்கப் பட்டியலில் பாட்டின் பெயருக்கு எதிரே எழுதிவிடுங்கள்.