ஆசு-7க்கு நிற்பதா, இழுப்பதா? கல்லடித் தம்பிக்குப் பதில்

தம்பி, 21ஐத் தாண்டாமல் டீலரை (மேசையில் கார்ட் போடுபவரை) முந்தும் பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் ஆசு-7 (ஏஸும் 7உம்) வந்தால் 18 என்று மேலும் கார்ட் எடுக்காமல் நின்றுவிடுவதாகவும், 16 வந்தால் டீலர் தன் திறந்த கார்டாக எதைக் காட்டினாலும் பயத்தில் இழுப்பதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். காசு போவது இந்த இரண்டு இடத்தாலும்தான்.

ஆசு-7 சாஃப்ட் 18. ஆசுவை 11 ஆகவும் 1 ஆகவும் எண்ணலாம் (அதனால்தான் சாஃப்ட்) என்பதால் இன்னொரு கார்ட் எடுத்தாலும் அதனால் பஸ்ட் ஆகாது, அதாவது 21ஐத் தாண்டாது. டீலர் 9, 10, ஆசு காட்டினால் ஹிட், அதாவது இன்னொரு கார்ட் எடுங்கள். 3 முதல் 6 வரை டபுள்: பந்தயத்தை இரட்டித்து ஒரே ஒரு கார்ட் எடுங்கள். 2, 7, 8க்கு மட்டும் நில்லுங்கள்.

10-6 போன்ற ஹார்ட் 16க்கு (11 ஆக எண்ணும் ஆசு இல்லாதது), டீலர் 2–6 காட்டினால் நிற்பது சரி. அவர் 17 வரும்வரை இழுத்தே ஆகவேண்டும், பஸ்ட் ஆகட்டும். 7 அல்லது அதற்கு மேல் என்றால் எடுங்கள். 13 வகைக் கார்டில் 8 உங்களைக் கவிழ்க்கும், உண்மைதான்; ஆனாலும் நின்றால் நட்டம் இன்னும் கூட. 8-8 ஆக வந்தால் ஸ்பிளிட்: இன்னொரு பந்தயம் வைத்து இரண்டையும் தனித்தனிக் கையாகப் பிரியுங்கள்.

304 சீட்டாட்டம் ஆடிப் பழகியவர்களுக்கு ஜாக் என்றால் 30, தனி மதிப்பு. இங்கே அது வெறும் 10. இரண்டு ஜாக்கைப் பிரித்து நல்ல 20ஐக் கெடுக்காதீர்கள்.

இன்சூரன்ஸ் (டீலர் ஆசு காட்டும்போது அவரது மறைந்த கார்ட் 10 என்று கட்டும் பக்கப் பந்தயம்) வேண்டவே வேண்டாம்: வென்றால் கட்டியதைப் போல் 2 மடங்கு தருவார்கள், மறைந்த கார்ட் 10 ஆகும் வாய்ப்போ ஏறக்குறைய 13இல் 4தான். பிளாக்ஜாக்குக்கு (முதல் இரண்டு கார்டிலேயே ஆசும் 10 மதிப்புக் கார்டும் வருவதற்கு) 3:2 தராமல் 6:5 கொடுக்கும் மேசையையும் விடுங்கள். 300 ரூபாய்க்கு 450 வரவேண்டிய இடத்தில் 360தான் வரும்.