பூஞ்சை இழை அறுந்தால் உள்ளே இருப்பதெல்லாம் ஒழுகிப் போய்விடாதா?

நியாயமான சந்தேகம். பூஞ்சையின் உடம்பே முடியைவிட மெல்லிய இழைகளால் ஆனது, நடுவில் குறுக்குச் சுவர்கள் இருந்தாலும் ஒவ்வொன்றிலும் ஓட்டை இருப்பதால் சைட்டோபிளாசம், மைட்டோகாண்ட்ரியா, நியூரோஸ்போரா என்கிற ரொட்டிப் பூஞ்சை மாதிரி சிலவற்றில் உட்கரு கூட நெளிந்து நெளிந்து அடுத்த அறைக்குப் போய்விடும். போதாததற்கு உள்ளே நல்ல அழுத்தம் வேறு, நியூரோஸ்போராவில் காற்றழுத்தத்தைப் போல நான்கைந்து மடங்கு. ஓரிடத்தில் கிழிந்தால் மொத்தமும் பீறிட்டு வெளியேறியிருக்க வேண்டும்.

படிக்கும் காலத்தில் இதை மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறேன். வளரும் இழைகள் மேல் ஒரு சொட்டு வெறும் தண்ணீர் விட்டால் போதும், தண்ணீர் உள்ளே ஏறி சில நுனிகள் பட்டென்று வெடித்துவிடும். உள்ளே இருக்கும் துகள்கள் எல்லாம் வெடித்த பக்கமாக ஓடும், சரி, இது முடிந்தது என்று நினைப்பதற்குள் ஓட்டம் சட்டென்று நிற்கும். நுனி அறை காலி. ஆனால் அதற்கடுத்த சுவருக்கு இந்தப் பக்கம் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும்.

அந்தச் சுவரின் ஓட்டையை அடைத்தது வொரோனின் உறுப்பு என்கிற ஒரு சின்ன கெட்டியான உருண்டை. ரஷ்யரான வொரோனின் 1864இலேயே இதைப் பார்த்து எழுதிவிட்டார், ஆனால் அது எதனால் ஆனது என்பது 2000இல்தான் தெளிவானது. ஹெக்ஸ்-1 என்று ஒரே ஒரு புரதம், அது தானாகவே அடுக்கடுக்காகச் சேர்ந்து படிகமாகிவிடுகிறது. பெராக்ஸிசோம் என்கிற, செல்லுக்குள் இருக்கும் சின்னப் பை ஒன்றுக்குள் உருவாகி அதிலிருந்து பிரிந்து வருவது இது. அளவில் ஓட்டையைவிடக் கொஞ்சம் பெரியது, அதுதான் சூட்சுமம்: அறுந்ததும் பீறிடும் ஓட்டமே இதை இழுத்துக்கொண்டு போய் ஓட்டையில் திணித்துவிடும். யாரும் கட்டளையிட வேண்டியதில்லை, தொட்டியைத் திறந்துவிட்டால் தண்ணீரோடு போகும் பந்து வாயை அடைப்பது போலத்தான். ஹெக்ஸ்-1 இல்லாமல் செய்த நியூரோஸ்போராவில் காயம் பட்டால் சைட்டோபிளாசம் நிற்காமல் கசிந்துகொண்டே இருக்கும்.

காயம் ஆறுகிறதா என்று கேட்டால், என் பார்வையில் இழைப் பூஞ்சை காயத்தை ஆற்றுவதே இல்லை. அறையைக் கைவிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறது. அடைப்புக்கு மேல் புதுப் பொருள் படிந்து இறுகும், அப்புறம் பின்னால் இருக்கும் அறையிலிருந்து புது நுனி கிளம்பும். சில சமயம் செத்துப்போன அறைக்குள்ளேயே நுழைந்து, பழைய கூட்டுக்குள் புது இழையாக வளர்ந்துகொண்டு போகும்.

இது எல்லாப் பூஞ்சைக்கும் பொருந்தாது. நாம் குடை மாதிரிப் பார்க்கும் காளான்களின் கூட்டத்தில் வொரோனின் உறுப்பு கிடையாது, அவற்றின் ஓட்டை விளிம்பு தடித்து, மேலே மூடி மாதிரி ஒரு சவ்வு அமைப்போடு இருக்கும், அடைப்பு அங்கே வேறு விதம். மியூகர், ரைசோபஸ் வகையில் பெரும்பாலும் குறுக்குச் சுவரே இல்லை. அந்தக் கூட்டத்தில் வெளியே பாயும் வேகமே சில புரதங்களை விரித்துவிட, அவை ஒன்றோடொன்று ஒட்டி, வழிந்தது களி மாதிரி உறைந்துபோகும்.

ஈஸ்ட்தான் பாவம். ஒற்றை செல், கைவிட வேறு அறை இல்லை, அதனால் அது நிஜமாகவே பழுதுபார்க்க வேண்டியிருக்கிறது. மொட்டு விட்டு வளர்வதற்காக நுனியில் குவிந்திருக்கும் புரதங்களை அங்கிருந்து விடுவித்து, சவ்வு கிழிந்த இடத்துக்குத் திருப்பிவிடும். வளர்ச்சி கொஞ்ச நேரம் நிற்கும், முதலில் ஓட்டை.

கடைசியாக, நான் ஏமாந்த ஒரு விஷயம். ட்ரைக்கோடெர்மா என்கிற பூஞ்சை வளர்ந்த தட்டில் துண்டு எடுக்க பிளேடால் ஒரு கோடு கிழித்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அந்தக் கோடு நெடுகப் பச்சை. வேறு ஏதோ பூஞ்சை ஏறிக் கெட்டுப்போச்சு என்று தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். உண்மையில் அது ட்ரைக்கோடெர்மாவேதான்: காயம் பட்டால் விளிம்பில் இருக்கும் இழைகளில் ஆக்சிஜன் சார்ந்த வினைமிகு மூலக்கூறுகள் உருவாகும், அந்த சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டு இழைகள் மறுபடி வளர்வதோடு பச்சை வித்துகளையும் கொட்டத் தொடங்கிவிடும். எந்த இடத்தில் வெட்டினேனோ சரியாக அதே கோட்டில்தான் பச்சை இருந்தது, அதைப் பார்த்தாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.