விமானம் ஏழரை மணி நேரம் தாமதம்: ஏஜென்ட் கேட்கும் 1,500 ரூபாயைக் கொடுக்கலாமா?

கேள்வி: என் அப்பாவும் அம்மாவும் எழுபதைத் தாண்டியவர்கள். டெல்லியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போக, சென்னையிலிருந்து இரவு 9.20 விமானத்தில் டிக்கெட் எடுத்திருந்தேன். எங்கள் பகுதி டிராவல்ஸ் ஏஜென்ட்தான் போட்டுக் கொடுத்தார். விமான நிலையத்துக்குப் போன பிறகு பத்தரை, பன்னிரண்டு, இரண்டரை என்று நேரத்தைத் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் விடிகாலை 4.50க்குத்தான் விமானம் கிளம்பியது. இடையில் ஆளுக்கு ஒரு சாண்ட்விச், ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். மூட்டுவலிக்காரரான அப்பா இரவு முழுக்க இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தங்க அறை கேட்டதற்கு, "வானிலை சார், எங்கள் கையில் இல்லை" என்று கவுன்ட்டரில் சொல்லிவிட்டார்கள். தாமதம் என்ற முதல் எஸ்எம்எஸ் மாலை 4 மணிக்கே ஏஜென்ட் போனுக்கு வந்திருக்கிறது; அவர் எங்களிடம் சொல்லவே இல்லை. இப்போது அவரே, "1,500 ரூபாய் கொடுங்கள், கம்பெனியிடம் 10,000 ரூபாய் நஷ்டஈடு வாங்கித் தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொல்லும் 10,000 ரூபாய் உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. அது தாமதத்துக்கான தொகை அல்ல, விமானம் ரத்தானால் தருவது. அதுவும் முழுசாக வராது. உரிய நேரத்தில் சொல்லாமல் ரத்து செய்து, சரியான மாற்று விமானமும் தராவிட்டால், இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு 10,000 ரூபாய் அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. அடிப்படைக் கட்டணம் 4,500 என்றால் கிடைப்பதும் அதை ஒட்டித்தான் இருக்கும். ஏஜென்டுகள் இந்த "எது குறைவோ" என்பதை மட்டும் சொல்லவே மாட்டார்கள்.

தாமதத்துக்கு ரொக்க நஷ்டஈடு என்று எதுவும், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதியில் கிடையாது. "மூன்று மணி நேரம் தாமதமானால் பணம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு விதி. அங்கே தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை கிடைக்கும். பாரிஸிலிருந்து சென்னைக்கு வருகிறவருக்கு அது பொருந்தும், சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகிற உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது. நம் ஊரில் ஒரு முதியவர் ஏழரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தால் அதற்கு விலை பூஜ்யம். பல வருடங்களாக இப்படித்தான் இருக்கிறது. இதை மாற்ற வேண்டியவர்களுக்கு இன்னும் மனம் வரவில்லை.

அதற்காக உங்களுக்கு உரிமையே இல்லை என்று அர்த்தமில்லை. ரொக்கம் இல்லையே தவிர, அன்று இரவு விமான நிறுவனம் தந்திருக்க வேண்டியவை மூன்று. முதலாவது சாப்பாடு. சென்னை–டெல்லி இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும் பயணம் என்பதால் தாமதம் மூன்று மணி நேரத்தைத் தொட்டதுமே உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். ஏழரை மணி நேரத்துக்கு ஒரு சாண்ட்விச் போதுமா என்று நுகர்வோர் ஆணையத்தில் கேட்டால் அவர்கள் வக்கீலுக்கே பதில் சொல்ல வராது. இரண்டாவது, தாமதம் ஆறு மணி நேரத்துக்கு மேல் போகும் என்றால் ஆறு மணி நேரத்துக்குள் கிளம்பும் வேறு விமானம் அல்லது முழுப் பணமும் திரும்ப, இதில் எது வேண்டும் என்று உங்களைக் கேட்டிருக்க வேண்டும். மூன்றாவதுதான் உங்கள் விஷயத்தில் முக்கியம். இரவு 8 மணிக்கும் விடிகாலை 3 மணிக்கும் இடையில் கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், ஓட்டல் அறையும் போய்வர வண்டியும் அவர்கள் செலவில். உங்கள் விமானம் 9.20. தாமதம் ஏழரை மணி நேரம். அந்த அறையை அப்பா சலுகையாகக் கேட்கவில்லை.

அப்படியானால் ஏன் தரவில்லை? நேரத்தைத் தவணை தவணையாகத் தள்ளினார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒன்பதரைக்கே "விடிகாலை 4.50" என்று அறிவித்தால் நூற்றுக்கு மேற்பட்டோருக்கு அறை போட வேண்டும், டிக்கெட் பணம் கேட்பவர்களுக்குத் திருப்ப வேண்டும். பத்தரை, பன்னிரண்டு, இரண்டரை என்று பிரித்துச் சொன்னால் எந்த ஒரு அறிவிப்பும் ஆறு மணி நேரத்தைத் தாண்டாது. கடைசி எஸ்எம்எஸ்ஸில் இருக்கும் நேரத்திலிருந்து நீங்கள் கணக்குப் போடத் தொடங்கினால் தோற்றுவிடுவீர்கள். எப்போதும் டிக்கெட்டில் இருக்கும் நேரத்திலிருந்தே எண்ணுங்கள். புகார் எழுதும்போதும் அப்படியே எழுதுங்கள்: "9.20க்குப் புறப்பட வேண்டியது 4.50க்குப் புறப்பட்டது."

அடுத்து வானிலை. வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வார்த்தையில்தான் முடங்கிப்போகின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெள்ளம், கலவரம், அரசு உத்தரவு, வேலைநிறுத்தம், மோசமான வானிலை, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் தடை போன்றவை காரணமாக இருந்தால் விமான நிறுவனம் நஷ்டஈடு தர வேண்டாம் என்பது உண்மை. எல்லா நியாயமான முயற்சியும் செய்தும் தவிர்க்க முடியாத தாமதம் என்றால், சாப்பாடும் தங்கும் இடமும் தருவதிலிருந்தும் அவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் வெறுமனே "வானிலை" என்று சொன்னால் போதாது, தவிர்க்கவே முடியாதது என்று காட்ட வேண்டும்.   கவுன்ட்டரில் இருப்பவரோ, "வானிலை" என்று சொன்னதோடு எல்லாப் பொறுப்பும் முடிந்துவிட்டதுபோல் பேசுவார். பாவம், அவருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பதே அவ்வளவுதான்.

அடுத்த விஷயம், அது நிஜமாகவே வானிலைதானா என்பது. ஒரே விமானம் காலையிலிருந்து இரவுவரை ஐந்தாறு பயணம் போகிறது. காலையில் டெல்லியில் மூடுபனி, முதல் பயணம் மூன்று மணி நேரம் தாமதம். அந்தத் தாமதம் அடுத்தடுத்த ஊர்களைத் தொற்றிக்கொண்டே இரவு சென்னைக்கு வந்து சேரும். அப்போது டெல்லியில் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் திரையில் "வானிலை" என்றே போடுவார்கள். விமானிக்குப் பணி நேரம் முடிந்து மாற்று ஆள் இல்லாவிட்டாலும் அதே வார்த்தைதான். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. அதே இரவு ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டுக்குள் சென்னையிலிருந்து டெல்லிக்கு மற்ற நிறுவனங்களின் விமானங்கள் கிளம்பினவா? புறப்பாட்டுத் திரையை அன்றே போட்டோ எடுத்திருந்தால் நல்லது. இல்லாவிட்டால் விமானங்களைப் பின்தொடரும் செயலிகளில் சில நாட்களுக்கு முந்தைய விவரம்வரை பார்க்கலாம். இன்றே பார்த்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவை கிளம்பி உங்களுடையது மட்டும் நின்றிருந்தால், வானிலையை நிரூபிக்கும் சுமை அவர்கள் தலையில் ஏறிவிடும்.

2025 டிசம்பர் முதல் வாரம் நினைவிருக்கும். நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனம் சில நாட்களில் ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்தது. முதலில் அடுக்கிய காரணங்களில் குளிர்கால வானிலையும் இருந்தது. அடிப்படைச் சிக்கலோ, விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்திய விதிகளுக்குத் தேவையான ஆட்களைத் தயாராக வைத்துக்கொள்ளாதது. அந்த விதிகள் வெளியானது 2024 ஜனவரியில். இரண்டு வருடம் முன்பே தெரிந்த ஒன்றை எதிர்பாராத சூழ்நிலை என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே வானிலை என்றால் வாயை மூடிக்கொண்டு வராதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

இனி உங்கள் ஏஜென்ட். என்னைக் கேட்டால் விமான நிறுவனத்தைவிட இவர்மேல்தான் உங்களுக்குக் கோபம் வர வேண்டும்.

டிக்கெட் போடும்போது பயணியின் போன் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் தன் நம்பரையும் தன் மெயிலையும் போட்டுக்கொள்வது இந்தத் தொழிலில் ஊறிப்போன பழக்கம். வாடிக்கையாளர் நேராக நிறுவனத்திடம் போய்விடக் கூடாது என்பதுதான் நோக்கம். அதற்கு நீங்கள் தரும் விலை பெரிது. விமானம் ரத்தானால் வரும் தகவல் அவருக்குப் போகும். "பயணி சரியான தொடர்பு விவரம் தரவில்லை" என்றால் ரத்துக்கான நஷ்டஈடே தர வேண்டாம் என்று விதியில் இருக்கிறது. நிறுவனம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மாலை 4 மணிக்கே உங்களுக்குச் செய்தி வந்திருந்தால் பெரியவர்கள் இருவரும் வழியில் எங்காவது சாப்பிட்டு, கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டு விமான நிலையத்துக்குப் போயிருக்கலாம்.

ஏஜென்ட் டிக்கெட் அனுப்பிய ஐந்தாவது நிமிடம் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் டிக்கெட்டில் இருக்கும் பிஎன்ஆர் என்ற முன்பதிவு எண்ணையும் பயணியின் பெயரையும் கொடுத்துத் திறந்து பாருங்கள். அங்கே யார் நம்பர் இருக்கிறது என்று தெரியும். உங்களுடையது இல்லையென்றால் உடனே மாற்றுங்கள். மாற்ற விடாவிட்டால் ஏஜென்டைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள், கெஞ்சத் தேவையில்லை.

பிஎன்ஆர் திறக்கவில்லை, அல்லது யார் யாரோ பெயரெல்லாம் அதில் சேர்ந்து வருகிறது என்றால் அது பெரும்பாலும் சீரிஸ் டிக்கெட். ஏஜென்டுகள் மொத்தமாக இருக்கைகளை வாங்கி வைத்து, கடைசி நாட்களில் பெயர் ஏற்றி விற்பார்கள். விலை கொஞ்சம் குறைவு. ரத்து செய்தால் "ஒரு பைசா வராது" என்பார்கள். வாங்கும்போது இதைச் சொல்வதில்லை. "இது சீரிஸா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், இழுத்துப் பேசினால் வேறு இடம் பாருங்கள். வீல்சேருக்குத் தனியாகப் பணம் கேட்கும் ஏஜென்டுகளும் இருக்கிறார்கள். நடக்க முடியாத பயணிக்கு வீல்சேர் இலவசம். 48 மணி நேரம் முன்பே சொல்லிவைத்தால் போதும்.

பணம் திரும்பி வரும் வழியிலும் இதே கதைதான். விமான நிறுவனம் ஏஜென்டின் கணக்குக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்லும், ஏஜென்ட் இன்னும் வரவில்லை என்பார். ஏஜென்ட் மூலம் வாங்கிய டிக்கெட்டுக்கும் பணம் திரும்பச் சேர்வதற்கான பொறுப்பு விமான நிறுவனத்துடையதுதான் என்று டிஜிசிஏ தெளிவாக எழுதியிருக்கிறது. பணத்துக்குப் பதில் "அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று வவுச்சரைத் திணித்தாலும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, அது உங்கள் விருப்பம் மட்டுமே.

இன்னொரு எச்சரிக்கை, இது மிக அவசரம். கோபத்தில் கூகுளில் விமான நிறுவனத்தின் கஸ்டமர் கேர் நம்பரைத் தேடாதீர்கள். மேலே வரும் எண்களில் போலிகள் கலந்திருக்கின்றன. "ரீஃபண்ட் போடுகிறேன், இந்தச் செயலியை இறக்குங்கள்" என்று சொல்லி உங்கள் போன் திரையைப் பார்த்தபடியே கணக்கைத் துடைத்துவிடுவார்கள். நிறுவனத்தின் செயலியிலோ தளத்திலோ இருக்கும் எண் மட்டும்தான். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் நேரம் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. போர்டிங் பாஸ், டிக்கெட், ஏஜென்ட் போனுக்கு வந்த எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். நிறுவனத்தின் தளத்தில் குறைதீர் நோடல் அதிகாரி, அவருக்கு மேல் மேல்முறையீட்டு அதிகாரி என்று இருவரின் முகவரி இருக்கும். முதலாமவருக்கு மெயில் அனுப்புங்கள். தாமதக் காரணத்தைக் கேளுங்கள். அறை தராதது, உணவு போதாதது, பணம் திரும்பப் பெறும் வாய்ப்பைச் சொல்லாதது என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். "வருந்துகிறோம்" என்று ஒரு அச்சடித்த பதில் வரும். உடனே மேலே இருப்பவருக்கு அனுப்புங்கள். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் புகார் தளமான ஏர்சேவாவிலும் பதியுங்கள், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். புகார் அதே நிறுவனத்துக்கே போகும், அவர்கள் ஒரு பதில் எழுதுவார்கள், தளத்தில் "முடிந்தது" என்று பச்சை விழும். இதற்கு ஒரு அமைச்சகமும் ஒரு செயலியும் எதற்கு என்று நானும் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சென்னைக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் திருச்சியிலேயே போடலாம். டிக்கெட்டின் அடியில் வேறு ஊர் நீதிமன்றம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தாலும் பயப்படாதீர்கள். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீலும் கட்டாயமில்லை. சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. மூன்று மாதத்தில் தீர்ப்பு என்று சட்டம் சொல்கிறது. அதைவிட நெடுநாள் ஆகும் என்று மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். டிஜிசிஏ விதியில் தாமதத்துக்கு ரொக்கம் இல்லாவிட்டாலும், தர வேண்டிய அறையைத் தராதது சேவைக் குறைபாடு. மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தொகை போட ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

மனுவை அப்பா, அம்மா பெயரில் போட்டு, நடத்துவதற்கு உங்களுக்கு அவர்கள் எழுதித் தரட்டும். விமான நிறுவனம் முதல் எதிர்தரப்பு. அந்த ஏஜென்டை இரண்டாம் எதிர்தரப்பாகச் சேருங்கள். சேர்க்காவிட்டால், தகவல் சொன்னோம், ஏஜென்ட்தான் தெரிவிக்கவில்லை என்று நிறுவனம் கையைக் கழுவிவிடும்.