கிளிக்கா, ஸ்குரூவா? சர்ஃப் போர்டு ஃபின் பற்றி வாசகர் கேள்விகள்

போர்டு பழுது பார்க்கிறவனிடம் ஃபின்னைப் பற்றிக் கேட்டால் அவன் கண்ணுக்கு முதலில் தெரிவது உடைந்த இடம்தான். என் பதில்களிலும் அந்தச் சாய்வு இருக்கும். வேகமும் திருப்பமும் எல்லாம் அதற்கப்புறம்தான். வந்திருந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, சிலவற்றைச் சுருக்கியிருக்கிறேன். புதியவர்களுக்கு ஒரு வரி: ஃபின் என்பது போர்டின் அடியில் வால்பக்கம் நிற்கும் துடுப்பு, அதை மாட்டும் குழிதான் பிளக் அல்லது பாக்ஸ். கழற்றி மாட்டும் வகைகளில் எஃப்.சி.எஸ்., ஃபியூச்சர்ஸ் என்று இரண்டு கம்பெனிகள். புது எஃப்.சி.எஸ். 2 கையால் அழுத்தினாலே மாட்டிக்கொள்ளும் கிளிக் வகை, ஃபியூச்சர்ஸ் ஸ்குரூ வகை.

புது போர்டு செய்யச் சொல்லியிருக்கிறேன். எஃப்.சி.எஸ். 2 போடவா, ஃபியூச்சர்ஸ் போடவா என்று ஷேப்பர் (போர்டு செய்பவர்) கேட்கிறார். எது பலம்? (கோவளம்)

பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்குவது மட்டும்தான் கேள்வி என்றால் ஃபியூச்சர்ஸ், கொஞ்சம் வித்தியாசத்தில்.

காரணம் அதன் அமைப்பு. நடுத்தர அளவுள்ள ஒரு ஃபின் சுமார் 11 செ.மீ. அடி அகலமும் கிட்டத்தட்ட அதே ஆழமும் கொண்டது. அலையின் அடியில் போர்டைச் சாய்த்துத் திருப்பும்போது தண்ணீர் அந்தப் பரப்பு முழுவதையும் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் நெம்புகோல் போல அடிப்பாகத்தில் வந்து விழும். ஃபியூச்சர்ஸ் ஃபின்னுக்கு முன்னிருந்து பின்வரை ஒரே நீளமான அடிக்கட்டை. அது முழு நீளத்துக்கும் பாக்ஸுக்குள் உட்காருகிறது, அதனால் அழுத்தமும் அந்த நீளம் முழுக்கப் பரவுகிறது. எஃப்.சி.எஸ். வகையில் அடியில் 2 நாக்குகள் உண்டு, சுமையெல்லாம் அந்த இரண்டின் வழியாகத்தான் போர்டுக்குள் இறங்க வேண்டும். 90களில் வந்த பழைய எஃப்.சி.எஸ்.ஸில் அவை சின்ன நாக்குகள், தனித்தனி உருண்டைப் பிளக்குகள். 2013இல் வந்த எஃப்.சி.எஸ். 2இல் நாக்குகள் பெரிதாகி, பிளக்கும் ஒரே துண்டாகிவிட்டது. அதனால் பலத்தில் ஃபியூச்சர்ஸுக்கும் எஃப்.சி.எஸ்.ஸுக்கும் உள்ள வித்தியாசம் இப்போது குறைந்துவிட்டது.

என் மேசைக்கு வரும் போர்டுகளில் பிளக்கே உடைந்து வருவது அபூர்வம். பிளக்கைச் சுற்றியுள்ள ஃபோமும், அதைப் போர்த்தி ரெசினால் ஒட்டிய கண்ணாடி இழைத் துணியும் (கிளாஸ்)தான் விட்டுக்கொடுக்கின்றன. ஃபியூச்சர்ஸ் பாக்ஸை ஃபோமில் பதித்து, அதன் மேல் துணி வரும்படி கிளாஸ் செய்து, பிறகு தேய்த்துத் திறப்பார்கள். எஃப்.சி.எஸ். 2உம் சரியாகச் செய்தால் அப்படித்தான். பள்ளத்தைப் பெரிதாகத் தோண்டிவிட்டு ரெசினால் நிரப்பிச் சமாளித்திருந்தாலோ, பாக்ஸுக்கு மேலே கூடுதல் துணித் துண்டு வைக்காமல் விட்டிருந்தாலோ எந்தக் கம்பெனிப் பெயரும் உங்களைக் காப்பாற்றாது. எனவே ஷேப்பரிடம் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது: "இந்த இரண்டில் நீங்கள் அதிகம் போட்டுப் பழகியது எது?" அவர் எதைச் சொல்கிறாரோ அதையே போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, வால் பகுதி மெல்லிசாக உள்ள ஷார்ட்போர்டு என்றால் பாக்ஸின் ஆழத்தையும் பேசிக்கொள்ளுங்கள். ஃபியூச்சர்ஸில் அரை அங்குலம், முக்கால் அங்குலம் என 2 ஆழங்கள் உண்டு. மெல்லிய வாலில் முக்கால் அங்குலம் தோண்டினால் மேல்தளத்துக்கு அடியில் மிஞ்சும் ஃபோம் கொஞ்சம்தான். உங்கள் பின்னங்கால் குதிகால் விழும் இடமும் அதுதான்.

பாறையில் மோதினால் ஃபின் உடைவது நல்லதா, கழன்றுவிடுவது நல்லதா? கோவளம் பாயிண்டில் தண்ணீர் வற்றும்போது பயமாக இருக்கிறது.

போர்டு தப்பிக்க வேண்டுமென்றால் ஏதாவது ஒன்று முதலில் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். பழைய எஃப்.சி.எஸ்.ஸில் நாக்கு முறியும், உள்ளே சிக்கிய துண்டை நோண்டி எடுத்துவிட்டு வேறு ஃபின் போட்டுக்கொள்ளலாம். எஃப்.சி.எஸ். 2இல் அடி எந்தத் திசையிலிருந்து விழுகிறது என்பதைப் பொறுத்து ஃபின் முழுசாகக் கழன்று விழ வாய்ப்புண்டு. ஃபியூச்சர்ஸ் பிடிவாதக்காரன். ஃபின் மலிவான பிளாஸ்டிக் என்றால் அது முறிந்து கதை முடியும். கெட்டியான ஃபைபர்கிளாஸ் ஃபின் என்றால் பாக்ஸின் ஓரம் பிளந்துவிடும், சில சமயம் பாக்ஸே ஃபோமோடு பிய்ந்து வரும்.

அதனால் பாறை உள்ள இடத்தில், எந்த வகையானாலும், விலை உயர்ந்த கெட்டி ஃபின்னைத் தண்ணீர் வற்றும் நேரத்தில் மாட்டாதீர்கள். ஃபின் போனால் ஒரு ஃபின்னின் காசு. பாக்ஸ் பிய்ந்தால் பட்டறை, காத்திருப்பு, பாதி சீசன்.

ஒரே வடிவ ஃபின்னை இரண்டு வகையிலும் ஓட்டினால் வித்தியாசம் தெரியுமா?

தெரியும் என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. ஃபியூச்சர்ஸின் அடிக்கட்டை முழு நீளமானது, அதனால் அடிப்பாகம் வளையாமல் விறைப்பாக இருக்கிறது என்பது அவர்கள் வாதம். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் உங்கள் காலுக்குத் தெரிவதில் பெரும்பங்கு ஃபின்னுடையது. அது எதில் மாட்டியிருக்கிறது என்பதற்குச் சிறுபங்குதான்.

ஃபின்னில் பார்க்க வேண்டியவை இவை. அடி அகலமானால் உந்துதல் கூடும், காலால் அழுத்தியதும் போர்டு முன்னே பாயும். ஆழம் கூடினால் பிடிப்பு கூடும், வால் வழுக்காது, அதே அளவுக்கு வாலைச் சறுக்க விடுவதும் கஷ்டமாகும். பின்னோக்கிச் சாய்ந்த ஃபின் நீண்ட, வட்டமான திருப்பம் தரும். நிமிர்ந்து நிற்பது இருந்த இடத்திலேயே சட்டென்று திரும்பும். நம் கரையின் குட்டை அலைகளில் ரொம்பச் சாய்ந்த ஃபின் போட்டால், திருப்பம் முடிவதற்குள் அலையே முடிந்துவிடும்.

அப்புறம் குறுக்குவெட்டு. நடு ஃபின்னுக்கு இரு பக்கமும் சமமாக வளைந்திருக்கும். பக்க ஃபின்களுக்கு வெளிப்பக்கம் மட்டும் வளைந்து, உட்பக்கம் தட்டையாகவோ லேசாகக் குழிந்தோ இருக்கும். தண்ணீர் இரு பக்கமும் வேறு வேறு வேகத்தில் ஓடுவதால் பக்கவாட்டில் ஒரு விசை கிடைக்கிறது, விமான இறக்கையின் சங்கதிதான். அதனால் பக்க ஃபின்னை இடம் மாற்றி மாட்டினால் போர்டு இழுத்துக்கொண்டே ஓடும். "புது போர்டு சரியில்லை" என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பக்க ஃபின்கள் போர்டின் மூக்கை நோக்கி எவ்வளவு உள்பக்கம் திரும்பி நிற்கும் என்பது பாக்ஸ் பதிக்கும் நாளிலேயே தீர்மானமாகிவிடும். எத்தனை ஃபின் வாங்கினாலும் அது மாறாது. ஷேப்பரின் கை என்று நான் அலுக்காமல் சொல்வது இதனால்தான்.

கூடவே வந்த பிளாஸ்டிக் ஃபின்னைத் தூக்கிப் போட்டுவிட்டு கார்பன் வாங்கலாமா? ஒரு சீசனாகத்தான் ஓட்டுகிறேன்.

வேண்டாம். கண்ணாடி இழை கலந்த நைலான் ஃபின் வளையும், கனமும் கொஞ்சம் கூடுதல். வேகமாகத் திருப்பும்போது அது வளைந்து நெளிவதில் உங்கள் உந்துதலில் ஒரு பங்கு வீணாகும். உண்மைதான். ஆனால் அந்த வேகத்தில் நீங்கள் திருப்ப ஆரம்பித்த பிறகுதான் அது வீணாகும். அதுவரை, முனை மழுங்கிய நைலான் ஃபின் உங்கள் தொடைக்கும் பக்கத்தில் ஓட்டுகிறவரின் முதுகுக்கும் நல்லது.

அடுத்த படி என்றால் தேன்கூடு அமைப்பு உள்ளே வைத்த ஃபைபர்கிளாஸ் ஃபின். லேசானது, அடி விறைப்பாகவும் முனை வளைந்து திரும்புவதாகவும் இருக்கும். கார்பன் அதற்கும் மேலே. அளவு தேர்வதில் உடல் எடையைப் பாருங்கள். எஃப்.சி.எஸ். அட்டவணைப்படி 55–70 கிலோவுக்குச் சிறியது, 65–80க்கு நடுத்தரம், 75–90க்குப் பெரியது. எல்லைக்கோட்டில் இருந்தால் நம் அலைக்குச் சிறியதை எடுங்கள்.

கிளிக் வகை ஃபின் ஒன்று கடலோடு போய்விட்டது. இன்னொன்றும் ஆடுகிறது. பிளக் போய்விட்டதா? (மாமல்லபுரம்)

பெரும்பாலும் இல்லை. எஃப்.சி.எஸ். 2இல் ஃபின்னைப் பிடித்து வைப்பது பிளக்குக்குள் உள்ள ஒரு சின்ன டைட்டானியம் உருளை. முன்பக்கத்தை நுழைத்துப் பின்பக்கத்தைக் கையால் அழுத்தினால் அது விலகி, பிறகு இறுகப் பிடிக்கும். அந்த இடுக்கில் மணல் சேர்ந்தால் ஃபின் முழுசாக இறங்காது. "டக்" என்று சத்தம் வந்தது போலவே இருக்கும், ஆனால் அடியில் ஒரு நூலிடைவெளி நிற்கும். அடுத்த பெரிய அலையில் போய்விடும்.

ஃபின்னைக் கழற்றி, பிளக்கில் நல்ல தண்ணீரைப் பீய்ச்சி, பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். அப்படியும் ஆடினால் நாக்கின் பக்கத்தில் மெல்லிய டேப் ஒரு சுற்று ஒட்டிப் பாருங்கள். பிளக்கில் கிரப் ஸ்குரூவுக்கும் (தலையில்லாத சின்ன ஸ்குரூ) துளை உண்டு. அதைப் போட்டு இறுக்கிவிட்டால் கிளிக்கின் சொகுசு போகும், ஃபின் போகாது. நானாக இருந்தால் நடு ஃபின்னுக்கு எப்போதும் ஸ்குரூ போட்டுவிடுவேன்.

ஆடுவது ஃபின்னா, பிளக்கோடு சேர்ந்து சுற்றியுள்ள கிளாஸா என்று மட்டும் பாருங்கள். ஃபின்னை அசைக்கும்போது பிளக்கைச் சுற்றி முடியளவு கோடு திறந்து மூடினால் உடனே கடலில் இறங்குவதை நிறுத்துங்கள். பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் போர்டு கொஞ்சம் பொறுக்கும். இ.பி.எஸ். (தெர்மாகோல் மாதிரியான) ஃபோம், எபாக்சி ரெசின் போர்டு என்றால் அந்தக் கோடு வழியாகத் தண்ணீர் மணிமணியான ஃபோமுக்கு இடையில் புகுந்து உள்ளே பரவும். காயவைப்பதற்கே நாள் கணக்காகும்.

பழைய எஃப்.சி.எஸ். போர்டு ஒன்று மலிவாகக் கிடைத்தது. புது ஃபின் பொருந்துமா?

பொருந்தாது. பழைய ஃபின்னைப் புதுப் பிளக்கில் போடலாம், அதற்கென இடைவெளி அடைக்கும் துண்டுகள் வருகின்றன, ஸ்குரூவும் வேண்டும். புது ஃபின்னைப் பழைய பிளக்கில் போட வழியில்லை. ஃபியூச்சர்ஸ் இரண்டோடும் சேராது. பழைய 2 நாக்கு ஃபின்கள் இன்னும் தாராளமாகக் கிடைப்பதால் கவலைப்பட ஒன்றுமில்லை, ஓட்டுங்கள்.

அறுகம் குடாவில் போர்டு வாடகைக்குக் கொடுக்கிறோம். எந்த வகை எங்களுக்குத் தோது?

எது வேண்டுமானாலும், ஆனால் எல்லா போர்டிலும் ஒரே வகை. அதுதான் முக்கியம். காலையில் 6 பேர் வரிசையில் நிற்கும்போது பெட்டியில் மூன்று வகை ஃபின்னைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. வாடகைக்குக் கொடுக்கிறவர்களுக்கு நான் ஸ்குரூ வகையையே சொல்வேன். கிளிக் வகையை வாடிக்கையாளரே கழற்றிப் பார்ப்பார், அரைகுறையாக மாட்டுவார், ஒன்று குறைவாகத் திரும்பி வரும். மெயின் பாயிண்டின் பாறைக்குப் போகும் போர்டுகளில் நைலான் ஃபின் மட்டும். பழகுகிறவர்களின் சாஃப்ட் டாப் (மெத்தென்ற மேல்தளம் உள்ள) போர்டுகளுக்கு மேலிருந்து போல்ட் போட்டு முடுக்கும் ஃபின்னே போதும்.

பாக்ஸ் இல்லாமல் போர்டோடு சேர்த்து ஒட்டிய ஃபின்தான் நிஜமான சர்ஃபிங் என்கிறார் ஒரு மூத்தவர்.

மூத்தவர் முழுக்கத் தப்பில்லை. கிளாஸ் துணியும் ரோவிங்கும் (கண்ணாடி இழைக் கயிறு) வைத்து நேரடியாக ஒட்டிய ஃபின்னில் அடிப்பாகம் குழைவாகப் போர்டோடு கலந்துவிடும், தண்ணீர் தடையின்றி ஓடும், வளைவும் ஒரே சீராக இருக்கும். 1981இல் சர்ஃபர் சைமன் ஆண்டர்சன் ஆஸ்திரேலியாவின் பெல்ஸ் பீச் போட்டியில் 3 ஃபின் போர்டோடு வென்றபோது பெரும்பாலோர் ஓட்டியது இப்படி ஒட்டிய ஃபின்தான். கழற்றும் வகை வந்த பின் உலகச் சுற்று வீரர்களே அதற்கு மாறினார்கள். ஒரே போர்டில் காலையில் ஒரு ஃபின், மாலையில் வேறு ஃபின் போட்டுப் பார்க்கும் வசதிக்கு முன்னால் அந்த நுணுக்கமான சுகம் நிற்கவில்லை. விமானத்தில் போர்டு அனுப்பிப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

லாங்போர்டில் ஒற்றை ஃபின் என்றால் மட்டும் நான் மூத்தவர் பக்கம் கொஞ்சம் சாய்வேன். ஆனால் அங்கேயும் நீளமான யு.எஸ். பாக்ஸ் இருக்கிறது. பத்தரை அங்குலப் பள்ளத்தில் ஃபின்னை முன்னே நகர்த்தினால் சுலபமாகத் திரும்பும், பின்னே தள்ளினால் நேராக, உறுதியாக ஓடும். ஒட்டிய ஃபின்னில் இது முடியாது.

ஸ்குரூ துருப்பிடித்துச் சுற்ற மறுக்கிறது. ஆலன் கீ வழுக்குகிறது.

முதலில் கீயைப் பாருங்கள். எஃப்.சி.எஸ்., ஃபியூச்சர்ஸ் இரண்டுக்கும் 3/32 அங்குல ஆலன் கீ. அதாவது 2.38 மி.மீ. நம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 2.5 மி.மீ. கீ உள்ளே போகாது, 2 மி.மீ. கீ போய்ச் சுற்றிச் சுற்றி மூலைகளை மழுக்கிவிடும். பாதி ஸ்குரூக்கள் இப்படித்தான் சாகின்றன.

சரியான கீ போட்டும் அசையவில்லையென்றால் துரு இளக்கும் எண்ணெய் 2 சொட்டு விட்டு இரவு முழுக்க வையுங்கள். காலையில் கீயைச் செருகி, அதன் தண்டில் சால்டரிங் அயர்னைச் சிறிது நேரம் வைத்துச் சூடேற்றித் திருப்புங்கள். அளவோடு. பிளக் பிளாஸ்டிக், உருகிவிடும். துளை ஏற்கெனவே மழுங்கியிருந்தால் கொஞ்சம் பெரிய டார்க்ஸ் பிட் (நட்சத்திர முனை) ஒன்றை மெதுவாகத் தட்டி இறக்கித் திருப்பிப் பாருங்கள். அதுவும் நடக்காவிட்டால் டிரில்லை நீங்களே எடுக்க வேண்டாம், பட்டறைக்குக் கொண்டு வந்துவிடுங்கள். புது ஸ்குரூ துருப்பிடிக்காத வகையாக வாங்கி, கொஞ்சம் கிரீஸ் தடவிப் போடுங்கள்.