பழைய ராணுவ ரைஃபிளோடு முதல் போட்டிக்குப் போகலாமா?

கேள்வி இது: "என்னிடம் இருப்பது கட்டையெல்லாம் கீறல் விழுந்த ஒரு லீ-என்ஃபீல்டு. கிளப்பில் பழைய ராணுவ ரைஃபிள்களுக்கென்று நட்புப் போட்டி நடத்துகிறார்கள். இதைத் தூக்கிக்கொண்டு போனால் சிரிப்பார்களா?"

சிரிக்க மாட்டார்கள். அந்த வரிசைக்கு வருகிற எல்லாத் துப்பாக்கியும் கிழடுதான். மோசின்-நகான் 1891-இல் பிறந்த வடிவம். மவுசர் 98 தன் வயதைப் பெயரிலேயே வைத்திருக்கிறது. உங்களுடையது மூன்றாம் மார்க் என்றால் அது 1907. கீறலைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. அதை மறைக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்துக்கொண்டு வந்தால்தான் சுளிப்பார்கள். கட்டையில் குத்தியிருக்கும் பழைய முத்திரைகள் அந்தத் தேய்ப்போடு போய்விடும், திரும்ப வராது. அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

நீங்கள் இதுவரை நிதானமாகச் சுட்டுப் பழகியவர், கடிகாரம் ஓட ஓடச் சுட்டதில்லை என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் போனேன். மானம் போனது. ஆனால் துப்பாக்கியால் இல்லை.

போட்டி எளிமையானதுதான். தூரம் 100 மீட்டர். படுத்த நிலையில் 10 குண்டு நிதானமாக, அப்புறம் 10 குண்டு ஒரே நிமிடத்தில். துப்பாக்கியில் தொலைநோக்கி கூடாது, ராணுவத்தில் கொடுத்தபடியே இருக்க வேண்டும், துப்பாக்கியின் தோள்வாரைக் கையில் சுற்றி இறுக்கிக்கொள்ளலாம். (விதி கிளப்புக்குக் கிளப் மாறும். உங்கள் இடத்தில் வேறு மாதிரி என்றால் என்னைப் பிடிக்காதீர்கள்.)

நிதானச் சுற்று நன்றாகவே போனது. இந்த ரைஃபிளின் பின்சைட்டில் ஆகக் குறைந்த அளவே 200 கஜம். 100 மீட்டரில் கருப்பு வட்டத்தின் நடுவில் குறி வைத்தால் குண்டு மேலே போய் விழும். அது தெரிந்திருந்ததால் வட்டத்தின் அடிவிளிம்பில் குறிமுள்ளை உட்காரவைத்துச் சுட்டேன். பத்தும் கையகல இடத்தில் விழுந்தன. எனக்கு இடப்பக்கம் கே31 என்ற சுவிஸ் ராணுவ ரைஃபிள் வைத்திருந்த பெரியவர் ஒருவர், தன் பைனாகுலரில் என் அட்டையைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு தம்பி" என்றார். அதுதான் என் தலைக்கு ஏறியது.

அடுத்தது வேகச் சுற்று. முதல் உலகப் போருக்கு முன் பிரிட்டிஷ் காலாட்படையில் 300 கஜ தூரத்தில் நிமிடத்துக்கு 15 குண்டு குறிபார்த்துச் சுடப் பழக்கினார்கள் என்று படித்திருந்தேன். அதே துப்பாக்கி, எனக்கு வெறும் 10, தூரமும் பாதிக்குக் கீழே. இதிலென்ன இருக்கிறது என்று ஒரு நினைப்பு.

விசில் ஊதியது. முதல் கிளிப்பை, அதாவது ஐந்து தோட்டாவைக் கோத்து வைத்திருக்கும் தகட்டை, வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன், ஐந்தும் மேகசின் என்கிற தோட்டாப் பெட்டிக்குள் இறங்கின. இரண்டாவது கிளிப் பாதியில் முரண்டு பிடித்தது. உள்ளங்கையால் ஒரு குத்து விட்டேன், இறங்கியது. மூன்று குண்டு போனது. நான்காவதைக் குழலுக்குள் ஏற்றப் போல்ட்டை, அதாவது கையால் இழுத்துத் தள்ளும் பூட்டுத் தண்டை, தள்ளினால் பாதி வழியில் நின்றுவிட்டது. இன்னும் பலமாகத் தள்ளினேன். தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு, அடியிலிருந்த தோட்டாவையும் இழுத்துக்கொண்டு, கல் மாதிரி நின்றது.

லீ-என்ஃபீல்டுக்குப் போடும் .303 தோட்டாவின் அடியில் வெளியே நீட்டுகிற ஒரு விளிம்பு உண்டு. மேகசினில் மேலே இருப்பதன் விளிம்பு, கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் மாட்டிக்கொண்டால் ஒன்றை ஒன்று விடாது. மோசின் தோட்டாவிலும் இதே விளிம்புதான், ஆனால் அதில் இதற்கென்றே ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். மவுசர்காரர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது, அவர்கள் தோட்டாவில் விளிம்பு வெளியே நீட்டாது. நானோ முந்தின இரவு டிவி பார்த்துக்கொண்டே கிளிப்பில் தோட்டா அடுக்கியவன்.

அதுவரைக்கும் நடந்தது வெறும் தோல்வி. என்ன சிக்கியிருக்கிறது என்று பார்க்க, படுத்தபடியே துப்பாக்கியை என் பக்கமாகச் சாய்த்தேன். குழல் முனை இடப்பக்கம் திரும்பியது. அங்கேதான் பெரியவர் படுத்திருந்தார்.

"முனை!" என்று ஒரு சத்தம். ரேஞ்ச் ஆபீசர் குனிந்து, என் குழலை ஒரு கையால் பிடித்து, இலக்குப் பக்கம் திருப்பி வைத்தார். வரிசை முழுக்கச் சுடுவது நின்றது. "எழுந்திரிங்க" என்றார். அவ்வளவுதான், என் போட்டி முடிந்தது. முனை இலக்கைப் பார்த்தபடியே இருக்க, விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் கையைத் தூக்கியிருக்க வேண்டும். வேறு ஒன்றுமே செய்திருக்கக் கூடாது.

கோளாறு என்றால் மறுவாய்ப்பு உண்டா என்று பிறகு ரேஞ்ச் ஆபீசரிடம் போய்க் கேட்டேன், வெட்கமில்லாமல். "கோளாறு துப்பாக்கியில இல்ல தம்பி, அடுக்கின கையில" என்றார்.

'பாதுகாப்பு விதிகூடத் தெரியாதவன் ஏன் போட்டிக்குப் போனாய்' என்று சிலர் கேட்பீர்கள். பயிற்சி எடுத்தவன்தான், விதியெல்லாம் மனப்பாடம்தான். நிமிடம் ஓடும்போது மனப்பாடம் கைக்கு வரவில்லை. இன்னும் சிலர், போர்க்கருவியை வைத்து என்ன விளையாட்டு என்பார்கள். அட்டையில் ஓட்டை போடுகிறோம் ஐயா, அதற்குமேல் ஒன்றுமில்லை.

பெரியவர் அதற்குப் பிறகு அன்று என்னிடம் பேசவே இல்லை. அடுத்த மாதம் அவராகவே வந்து, "ரெண்டு சுட்டுப் பாருங்க" என்று கே31-ஐ நீட்டினார். நீட்டுவதற்கு முன் போல்ட்டைத் திறந்து உள்ளே காட்டினார். நானும் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். போல்ட்டைத் தூக்கித் திருப்ப வேண்டியதில்லை, நேராக இழுத்து நேராகத் தள்ளினால் போதும். வெண்ணெய் மாதிரி ஓடியது.

ஆகவே போங்கள். போவதற்கு முன் விவரம் தெரிந்த ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து, போல்ட்டுக்கும் அறைக்கும் உள்ள இடைவெளியை அளவுக் கட்டை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டம்மித் தோட்டா பத்து வாங்கி, கிளிப்பில் அடுக்கி இறக்கி ஏற்றிப் பழகுங்கள். பழைய ராணுவத் தோட்டா சுட்டால் அன்றைக்கே குழலுக்குள் வெந்நீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். அதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கிற தீமூட்டி விட்டுப்போகிற உப்பு ஈரத்தை இழுத்துத் துரு ஏற்றிவிடும், வெறும் எண்ணெய்க்கு அது கரையாது.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. பித்தளை. சுட்ட தோட்டாவின் காலிக் கூடு. சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறவனுக்கு அது தங்கம். நட்புப் போட்டி என்கிறார்கள், தம்பி என்கிறார்கள், டீ வாங்கித் தருகிறார்கள், கொஞ்சம் அசந்தால் கூட்டைப் பொறுக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அன்று நான் சுட்டது 10-ம் 3-ம், ஆக 13. வரிசை கலைந்து பொறுக்கப் போனபோது என் பாய்க்குப் பக்கத்தில் 6 கிடந்தன. .303 கொண்டுவந்தது என்னைச் சேர்த்து மூன்று பேர். அதில் ஒருவர் பை ஜிப்பை அவசரமாக மூடினார். முனையைத் திருப்பிவிட்டு நிற்கிறவன் போய்ப் பித்தளைக் கணக்குக் கேட்க முடியுமா?

இப்போது என் கூடுகளின் அடியில் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டுதான் போகிறேன். போன முறை அந்த ஜிப்காரர் தன் டப்பாவைத் திறந்தபோது, மேலாகவே நாலைந்து சிவப்புக் கோடுகள் தெரிந்தன.